ஆள் வருது

உக்காருங்க தம்பி. துண்டை எடுக்க வேணாம், அது அப்பிடியே இருக்கட்டும், அது மேலயே உக்காருங்க. ஆள் வருது. வர்ற வரைக்கும் நீங்க உக்காந்துக்கலாம். வந்துட்டா எந்திரிச்சிரணும். அப்புறம், "ஏன் பெரியவரே, நாங்கெல்லாம் மனுசன் இல்லையா"ன்னு சண்டைக்கு வரக்கூடாது. இப்பவே சொல்லிட்டேன்.

போடி வண்டிதான். தேனியில இறங்கணுமா? இறங்கலாம், இறங்கலாம். எடுக்க இன்னும் நேரம் இருக்கு. அந்தா டீக்கடையில நிக்கிறான் பாருங்க, கண்டக்டர், அவன் நம்ம பய. எங்கிட்ட வேலை பழகுனவன். நான் சொல்லாம விசில் ஊத மாட்டான்.

ஆமா, நானும் கண்டக்டர்தான். இப்ப இல்ல, ரிட்டயர்டு. சர்வீசு பூராவும் இதே ரூட்டு. போடியில இருந்து திண்டுக்கல், திண்டுக்கல்ல இருந்து போடி. மதுரைக்குப் போட்டாங்க, வேணாம்னுட்டேன். வேற எங்குட்டும் போனதில்ல. அப்புறம் போன வருஷம் ஒரே தாவா அமெரிக்கா போனேன். நடுவுல வேற ஊரு கிடையாது.

நீங்க உக்காந்திருக்கீங்களே இந்தத் துண்டு, இதுவும் அமெரிக்கா போயிட்டு வந்த துண்டுதான். சிரிக்காதீங்க. பச்சைக் கரை போட்டது. என் சர்வீசுல பாதிக்கு மேல இது என் தோள்ல கிடந்திருக்கு.

துண்டுன்னா நீங்க சாதாரணமா நினைக்கிறீங்க. நான் தீத்து வச்ச பஞ்சாயத்துல முக்காவாசி துண்டுப் பஞ்சாயத்துதான். வண்டி ஸ்டாண்டுக்குள்ள நுழையும்போதே ஓடி வந்து ஜன்னல் வழியா போடுவாங்க. என் வண்டியில ஒரே சட்டம். துண்டு போட்டவனுக்குத்தான் சீட்டு. யாரு மச்சினனா இருந்தாலும் சரி. கைக்குட்டை செல்லும். டிபன் பாக்ஸ் செல்லும். பேப்பர் செல்லாது, காத்துல பறந்துரும். ஒரு தடவை ஒருத்தன் கைப்புள்ளைய ஜன்னல் வழியா உள்ள விட்டு சீட்டுல படுக்க வச்சுட்டான். ஒரே ரகளை. அதுவும் செல்லும்னுதான் தீர்ப்புச் சொன்னேன்.

என் மகளும் இந்த வண்டியிலதான் தேனி காலேஜுக்குப் போனா. சுகந்தின்னு பேரு. மூணு வருஷம். ஒரு நாள் கூட அவளுக்கு நான் சீட்டுப் போட்டு வச்சதில்ல. கண்டக்டர் மக சொகுசா வர்றான்னு எவன் வாயிலயும் விழுந்திரக் கூடாதுல்ல. நின்னுக்கிட்டேதான் வருவா. டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி ஒரு கம்பி இருக்கு பாருங்க, அதப் புடிச்சுக்கிட்டு. டிரைவர் கூட சொல்வாரு, "சோலை, புள்ளைய எங்கயாச்சும் உக்கார வையப்பா, தோள்ல பையோட நிக்குது"ன்னு. நான் வைக்கல. பக்கத்துல போயி, "டிக்கெட்"னு கேப்பேன். பாஸை எடுத்துக் காட்டுவா. வண்டியில அப்பான்னு கூட கூப்பிட மாட்டா. அவ்வளவு ஒழுங்கா வளத்திருந்தேன்.

ஏம்மா, ஆள் வருதும்மா. துண்டு தெரியலையா? இவரு உக்காந்திருக்காரேன்னா, இவரு சும்மா உக்காந்திருக்காரு. பின்னால போம்மா, இடம் கிடக்கு.

எதுல விட்டேன்? அமெரிக்கா. மூத்தவன் கதிரேசன் அங்கதான் இருக்கான், ஃபீனிக்ஸ்னு ஒரு ஊரு. நம்ம ஆண்டிபட்டிக் கரடு மாதிரி வெயிலு. அவன்தான் என்னையும் என் சம்சாரம் பொன்னுத்தாயையும் கூப்பிட்டுக்கிட்டான். மகளும் அங்கதான், ஆனா வேற ஊரு. டென்வரு. அவ வீட்டுக்கு நாங்க போறதா இல்ல. போறதா இல்லைன்னு யாரும் சொல்லல. யாரும் பேச்செடுக்கல, அவ்வளவுதான்.

அவளா ஒரு பையனப் பாத்துக்கிட்டா தம்பி. இந்தத் திண்டுக்கல் பையன்தான். வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. நான் ஒண்ணுமே சொல்லல. நீங்க போடியில யாரை வேணா கேட்டுப் பாருங்க. நல்லா இருன்னும் சொல்லல, நாசமாப் போன்னும் சொல்லல. போன் வந்தா எடுத்துப் பொன்னுத்தாய் கையில குடுத்துருவேன். ஆறு வருஷம் அப்பிடித்தான். ஒரு கடுஞ்சொல்லு என் வாயில இருந்து வந்திருக்குமா? வேற அப்பனா இருந்தா வெட்டுவேன் குத்துவேன்னு நின்னிருப்பான். நான் பேசவே இல்ல.

கல்யாணம் இங்கதான், இந்தா அந்தப் பக்கம் இருக்கிற சர்ச்சுல. கூப்பிடு தூரம். அன்னிக்கு எனக்கு டூட்டி. லீவு கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. நான் கேக்கல. இந்தா, இதே பிளாட்பாரத்துலதான் வண்டிய நிப்பாட்டுனோம். டீ குடிச்சேன். மணிச் சத்தம் கேட்டுச்சு. கதிரேசனும் பொன்னுத்தாயும் அங்க இருந்தாங்க. திரும்பிப் போகையில என் வண்டியிலதான் ஏறுனாங்க. டிக்கெட் குடுத்தேன். வண்டி பூரா மல்லியப்பூ வாசம். சரி, அத விடுங்க.

போன வருஷம் கதிரேசன் சொன்னான், "அப்பா, ஆர்.வி. எடுத்துக்கிட்டு மலைப்பக்கம் போவோம்"னு. ஆர்.வி.ன்னா பஸ்ஸுதான் தம்பி. பஸ்ஸுக்குள்ள வீட்டக் கட்டி வச்சிருக்கான். டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி மேசை. மேசைக்குப் பின்னாடி அடுப்பு. அடுப்புக்கு எதுத்தாப்புல கக்கூசு. அடுப்புக்கும் அதுக்கும் நடுவுல ஒரு முழம் இருக்கும். பொன்னுத்தாய் ஏறுன ஒடனே சொல்லிட்டா, நான் சமைக்கிறப்ப ஒருத்தரும் அந்தக் கதவத் தொறக்கக் கூடாதுன்னு. அவ எப்பவும் எதையாச்சும் சமைச்சுக்கிட்டேதான் இருப்பா. அதனால போன எடத்துல எல்லாம் பொதுக் கக்கூசுக்கு நடந்தே போனோம்.

அவ்வளவு பெரிய வண்டி, ஒரு கண்டக்டர் கிடையாது. எனக்கு உக்காரவே முடியல. எந்திரிச்சுப் போயி படிக்கிட்ட நின்னேன். மருமக ஹேமா, "மாமா, பெல்ட்டப் போட்டு உக்காருங்க, போலீஸ் புடிப்பாங்க"ன்னுச்சு. நல்ல புள்ளதான். ஆனா போலீசுன்னா எனக்குப் பயம்னு அதுக்கு யாரு சொன்னது?

ராத்திரி தங்குறதுக்குன்னே ஸ்டாண்டு கட்டி வச்சிருக்கான். ஆர்.வி. பார்க்குங்கிறான். நம்ம பஸ் ஸ்டாண்டு மாதிரியேதான், ஒவ்வொரு வண்டிக்கும் நம்பர் போட்டு ஒரு எடம். கரண்டுக்கு ஒரு பொட்டி, தண்ணிக்கு ஒரு குழாய், அழுக்குத் தண்ணி போறதுக்கு ஒரு ஓட்டை, சாப்பிட ஒரு மரமேசை, தீ மூட்ட ஒரு இரும்பு வளையம். எல்லாம் சரி. ஒரு டீக்கடை இல்ல. இஞ்சி மொரப்பா விக்க ஒரு ஆள் இல்ல. அவனவன் மடக்கு நாற்காலியப் போட்டு வண்டிக்கு வெளிய உக்காந்துக்கிட்டு தீயப் பாத்துக்கிட்டே இருக்கான். சொந்த வீட்ட விட்டுட்டு இவ்வளவு தூரம் வந்து எதுக்குடா பேசாம உக்காந்திருக்கீங்கன்னு கேக்கணும்போல இருக்கும். போற வர்றப்ப கையக் காட்டி "ஹாய்"ங்கிறான். நம்மளும் "ஹாய்"ங்கிறோம். அதோட பேச்சு முடிஞ்சுச்சு. நான் ஒருத்தன் மேசைக்குப் பக்கத்துல போயி, எந்த ஊரு, எத்தனை புள்ளைங்கன்னு கேக்க நின்னேன். அடுத்தவன் எடத்துக்குள்ள நடக்கக் கூடாதாம். மகன் ஓடி வந்து இழுத்துட்டுப் போயிட்டான்.

மொத பார்க்குல எங்களுக்கு அடுத்த எடத்துல ஒருத்தன் வந்தான். ரெண்டு நாயி, ஒவ்வொண்ணும் கன்னுக்குட்டி கணக்கா. வண்டிக்கு வெளிப்புறத்துல டி.வி. மாட்டி வச்சிருக்கான். பந்து வெளாட்டு. சாயங்காலம் பூரா அவனும் நாயும் சேந்து கத்துறாங்க. வண்டியில பக்கத்து சீட்டுக்குச் சரியான ஆள் வரலைன்னா என்ன பாடுன்னு எனக்குத் தெரியும். நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன், அடுத்த ஊர்ல இப்பிடி விடக் கூடாதுன்னு.

அடுத்தது நல்ல மலை. போடிமெட்டு மாதிரி, ஆனா சுத்தமா இருக்கும். எங்க எடத்துக்குப் பக்கத்து எடம் காலி. பெரிய பைன் மரம், நல்ல நிழலு, நிழலுக்குள்ள மேசை. எங்க எடத்துல மொட்டை வெயிலு. ஏன்டா அத எடுக்கலைன்னு கேட்டேன். கதிரேசன் வண்டிக்கு அடியில குனிஞ்சு குழாய் மாட்டிக்கிட்டே, "அது கிடைக்கலப்பா"ன்னான். என் மூஞ்சியப் பாக்கல.

அன்னிக்கு எல்லாருமே ஒரு மாதிரி இருந்தாங்க. ஹேமா வந்து, "மாமா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா"ன்னு கேட்டுச்சு. போட்டேன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கேட்டுச்சு. பொன்னுத்தாய் என்னடான்னா, காட்டுக்குள்ள பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டு நிக்கிறா. பருப்பு உருண்டைக் குழம்பு வேற வைக்கிறா. எனக்கு அது புடிக்காதுன்னு கல்யாணமான நாள்ல இருந்து தெரியும் அவளுக்கு. எங்க வீட்டுல அத விரும்பித் தின்ன ஒரே ஆளு சுகந்திதான். அமெரிக்காவுல வந்து எதுக்கு எனக்குப் புடிக்காத குழம்பு வைக்கணும்? ஒரு ஆளுக்கு மரியாதை எப்பிடிக் குறையுதுன்னு பாருங்க.

எனக்குக் கோவம். நேரா அந்தக் காலி எடத்துக்குப் போனேன். தோள்ல கிடந்த துண்ட எடுத்து ஒதறி மேசை மேல போட்டேன். காத்தடிச்சுச்சு, ஒரு கல்லத் தூக்கி வச்சேன். முடிஞ்சுச்சு. இனி எவன் நாயக் கூட்டிட்டு வர்றான் பாப்போம்னு பெஞ்சுல படுத்துட்டேன்.

பார்க்கைப் பாத்துக்கிறதுக்கு ஒரு வெள்ளைக்காரக் கெழவர் இருக்காரு. பேட்டரி வண்டியில சுத்தி வந்துக்கிட்டே இருப்பாரு. நம்ம ஸ்டாண்டு டைம் கீப்பர் மாதிரி வச்சுக்கங்க. என்னைப் பாத்து வண்டிய நிப்பாட்டிட்டு, "ரிசர்வ்டு"ன்னாரு. நானும் எந்திரிச்சு, துண்டக் காட்டி, "எஸ், ரிசர்வ்டு"ன்னேன். அவரு துண்டப் பாத்தாரு, கல்லப் பாத்தாரு, என் வேட்டியப் பாத்தாரு. நான் மெதுவா வெளக்கமா சொன்னேன், "பெர்சன் கமிங்." அவரு போன எடுத்துத் தட்டிப் பாத்தாரு. பாத்துட்டு, "எஸ், பெர்சன் கமிங்"னு கட்டை விரலத் தூக்கிக் காட்டிட்டுப் போயிட்டாரு. நம்ம சட்டம் அங்கயும் செல்லுது தம்பி. நான் கூட இவ்வளவு லேசா முடியும்னு நினைக்கல.

கதிரேசன் வந்தான். "அப்பா, இது என்ன துண்டு?"

"எடம் போட்டிருக்கேன்."

"யாருக்கு?"

"யாருக்கா இருந்தா ஒனக்கு என்ன. ஆள் வருது."

அவன் அப்பிடியே நின்னுட்டான் தம்பி. "ஒங்களுக்குத் தெரியுமாப்பா"ன்னான். எனக்குத் தெரியாதது என்னடா இருக்குன்னேன். ஒடனே ஓடிப் போயி அவங்க அம்மாகிட்ட என்னமோ குசுகுசுன்னு சொன்னான். பொன்னுத்தாய் கரண்டியோட வெளிய வந்து என்னையவே பாத்தா. நான் மொத சம்பளம் வாங்குன காலத்துல இருந்து அவ என்னைய அப்பிடிப் பாத்ததில்ல. "நல்லா இருங்க"ன்னா. ஒரு எடம் புடிச்சதுக்கு இவ்வளவு மரியாதையான்னு எனக்கே ஆச்சரியம்.

ஐயா, உக்காராதீங்க, உக்காராதீங்க, இந்தப் பக்கம் இல்ல. ரெண்டு சீட்டுக்கும் ஆள் வருது. ஒண்ணு என் மகளுக்கு, ஒண்ணு பேத்திக்கு. மூணாவதுல நான். முடிஞ்சுச்சு.

என்ன தம்பி கேட்டீங்க? மாப்பிள்ளைக்கா? ஓ, அந்தப் பையனா. அவனுக்கென்ன, வயசுப் பையன், நின்னுக்கிட்டு வருவான். ஜோயல்னு பேரு. அவங்க அப்பா காலையில ரெண்டு தடவை போன் பண்ணாரு, வீடு பக்கத்துலதான், வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டு எல்லாரும் சேந்து கெளம்பலாம்னு. நான் வரலைன்னுட்டேன். சீட்டுப் புடிக்கணும்ல. இந்தியாவுக்கு வந்து நாலு நாளாச்சு, மொதல்ல அவங்க வீட்டுக்குத்தான் போயிருக்காங்க. நான் ஒண்ணும் சொல்லல. கார் எடுத்துட்டு வர்றோம்னாங்க. வேணாம், பஸ்ஸுல வாங்க, நான் சீட்டுப் போட்டு வைக்கிறேன்னேன். ஏன்னு சொல்றேன் கேளுங்க.

பொழுது சாயிற நேரம் ஒரு வண்டி வந்துச்சு, எங்களது மாதிரியே, கொஞ்சம் சின்னது. நேரா என் எடத்தப் பாத்து வளையுது. நான் விட்டுருவனா? நடு ரோட்டுல போயி ரெண்டு கையையும் விரிச்சு நின்னேன். "நோ, நோ. பெர்சன் கமிங்." வண்டி நின்னுச்சு. கண்ணாடியில வெயிலு, உள்ள யாருன்னு தெரியல. பின்னாடி திரும்பிக் கதிரேசனைக் கூப்பிட்டேன், இங்கிலீசு பேசுறதுக்கு. அவன் அசையல. ஹேமாவும் பொன்னுத்தாயும் அசையல. மூணு பேரும் போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறாங்க.

கதவு தொறந்துச்சு. சுகந்தி இறங்குனா.

அமெரிக்கா எவ்வளவு பெரிய தேசம் தம்பி. எத்தனை ஊரு, எத்தனை மலை. அவளும் அதே நேரத்துல லீவு போட்டு, அதே மலைக்கு வந்து, அதே பார்க்குல, எங்களுக்கு அடுத்த எடமாப் பாத்து எடுத்திருக்கா. இப்பிடி ஒரு தற்செயல் எங்கயாச்சும் நடக்குமா? நான் பொன்னுத்தாய்கிட்ட எத்தனையோ தடவை சொல்லிட்டேன், என்ன ஒரு பொருத்தம் பாருன்னு. அவளும் ஆமாங்கிறா.

அவளும் அசையல, நானும் அசையல. கைய விரிச்சவன் விரிச்சபடியே நிக்கிறேன். எறக்கணும்னு தோணல. கொஞ்சம் கறுத்திருந்தா. கண்ணாடி போட்டிருந்தா. "அப்பா"ன்னா. நான் என்ன சொல்றது? ஆறு வருஷமா பேசாத வாயி. எது நாக்குல கிடந்துச்சோ அதுதான் வந்துச்சு. "இங்க ஆள் வருது"ன்னேன்.

அவ மூஞ்சி அப்பிடியே சுருங்கிப் போச்சு. "யாருப்பா வர்றாங்க?"ன்னு மெதுவாக் கேட்டா. கேட்டுக்கிட்டே என்னையத் தாண்டி மேசையப் பாத்தா. பச்சைக் கரைத் துண்டு. கல்லு வச்சிருக்கு.

அந்தத் துண்டு அவளுக்குத் தெரியும். மூணு வருஷம் அதப் பாத்துக்கிட்டே நின்னவ.

நடந்து போனா. கல்ல எடுத்தா. துண்டக் கையில எடுத்து, மோந்து பாத்தா தம்பி, சின்னப் புள்ளை மாதிரி. அப்புறம் திரும்பி, "எனக்கா போட்டு வச்சீங்க?"ன்னு கேட்டா.

நீங்க சொல்லுங்க, நான் என்ன சொல்லியிருக்கணும்? இல்லம்மா, நாய் வச்சிருக்கிறவன் வந்துரக் கூடாதுன்னு போட்டேன்னா? பின்னாடி பொன்னுத்தாய் வாய்ல முந்தானைய வச்சுக்கிட்டு அழுறா. கதிரேசன், "அப்பாவுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு சுகந்தி"ங்கிறான். என்ன தெரிஞ்சிருக்குன்னு எனக்கு வெளங்கல. இருந்தாலும் எல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறாங்க.

"ம்"னேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதுக்கே அந்தப் புள்ள ஓடி வந்து என் தோள்ல மூஞ்சிய வச்சுக்கிட்டு அழுதா பாருங்க. மலைக்காத்து ஒத்துக்கல போல, நானும் மூஞ்சியத் தொடைக்கத் துண்டத் தேடுறேன், அது அவ கையில இருக்கு.

அந்தப் பையன் வண்டியிலயே உக்காந்திருந்தான், ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு. இறங்கலாமா வேணாமான்னு தெரியாம. நான் அந்தப் பக்கம் பாக்கல. அப்புறம் வண்டிய எடத்துக்குள்ள ரிவர்ஸ் எடுக்கணும்ல. ஒரு பக்கம் மரம், ஒரு பக்கம் கரண்டுப் பொட்டி. அவனுக்குப் பழக்கமில்ல, முன்னாடியும் பின்னாடியும் போறான், திணறுறான். நான் சும்மாதான் இருக்கணும்னு நினைச்சேன். கை கேக்கல தம்பி. போயி வண்டிப் பக்கவாட்டுல ரெண்டு தட்டுத் தட்டி, "வரட்டும், வரட்டும், லெஃப்டுல ஒடி, வரட்டும், ஹோல்டான்"னேன். சொன்னபடி கேட்டான். ஒரு கீறல் இல்லாம உள்ள ஏத்தி நிப்பாட்டியாச்சு. கீழ இறங்கி, "தேங்க்ஸ் மாமா"ன்னான். அவன்கிட்ட நான் பேசுனது அவ்வளவுதான். அது பேச்சுன்னே சொல்ல முடியாது. டூட்டி.

அவங்க கூட ஒரு பொட்டப்புள்ள இருந்துச்சு, மூணு வயசு. என் பேத்திதான். அதுவரைக்கும் போனுல கூடப் பாத்ததில்ல, போனத்தான் நான் கைமாத்தி விட்டுருவேனே. பொன்னின்னு பேரு வச்சிருக்காங்க. என் சம்சாரம் பேரு பொன்னுத்தாய். அதுவும் தற்செயலாத்தான் இருக்கும். அது வந்து துண்டப் புடுங்கித் தலையில போட்டுக்கிட்டு மேசையைச் சுத்தி ஓடுது. ராத்திரி எல்லாரும் அந்த மேசையிலதான் சாப்பிட்டோம். பருப்பு உருண்டைக் குழம்பு. சுகந்தி தட்டுல பொன்னுத்தாய் உருண்டையா அள்ளி வைக்கிறா. எனக்கும் ரெண்டு வச்சா. தின்னேன். அவ்வளவு மோசமில்ல.

கெழவர் பேட்டரி வண்டியில வந்தாரு. எங்களப் பாத்துட்டு கட்டை விரலத் தூக்கி, "பெர்சன் கேம்?"னாரு. "எஸ், கேம்"னேன்.

இப்ப உங்களுக்குப் புரியுதா? அந்தப் புள்ள இன்னும் அப்பிடியேதான் நினைச்சுக்கிட்டிருக்கு. போன் பண்றப்பல்லாம், "காலேஜுக்கு மூணு வருஷம் நின்னேன்ப்பா, ஆனா நீங்க எனக்கு அங்க எடம் போட்டு வச்சீங்களே"ங்கிறா. சிநேகிதங்ககிட்ட எல்லாம் சொல்லியிருக்கா. அந்தத் துண்டக் குடுங்கன்னு கேட்டா, நான் குடுக்கல. ராத்திரியில அது ஞாபகம் வந்துச்சுன்னா எனக்குத் தூக்கம் வர்றதில்ல தம்பி. நான் வண்டியில ஒருத்தனுக்கு ஒரு பொய் டிக்கெட் குடுத்ததில்ல.

உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, நீங்க தேனியில இறங்கிப் போயிருவீங்க. அது அவளுக்குப் போட்ட துண்டு இல்ல. இன்னிக்கு இதுதான் அவளுக்குப் போட்டது. அதுக்குத்தான் காலையில இருந்து இங்க கிடக்கேன். வண்டி உள்ள வர்றப்பவே கூட ஓடி வந்து ஜன்னல் வழியா போட்டேன், மத்தவங்க போடுற மாதிரி. இந்த வயசுல. முழங்கை சிராச்சிருச்சு, இந்தா பாருங்க. அவகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க.

அந்தா வர்றாங்க. அந்தப் பழக்கடைக்குப் பக்கத்துல, பாத்தீங்களா? மஞ்சச் சுடிதார். பாப்பா அவன் தோள்ல. ரெண்டு பையும் அவன்தான் தூக்கிட்டு வர்றான், வேர்த்து ஊத்துது. எந்திரிங்க தம்பி. பேச்சு வேற, சீட்டு வேற. கோவிச்சுக்காதீங்க.

சுகந்தி, இங்குட்டு வா. மெதுவா, மெதுவா. கொஞ்சம் வழி விடுங்கப்பா. ஆமாம்மா, துண்டுதான். உனக்குத்தான் போட்டேன், வேற யாருக்குப் போடப் போறேன்? ஜன்னல் பக்கம் நீ உக்காரு, பாப்பாவ இங்க உக்கார வையி. இந்தத் தம்பியா? இவரு சும்மா, தேனிக்குப் போறவரு. அழாதம்மா, பஸ்ஸுக்குள்ள எல்லாரும் பாக்குறாங்க. மூஞ்சியத் தொட.

அவன் எங்க போறான்?

அங்க பாருங்க தம்பி. கூட்டத்துல புகுந்து எங்க போயி நிக்கிறான்னு. பையக் கீழ வச்சுட்டு, டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி, அந்தக் கம்பியப் புடிச்சுக்கிட்டு. இத்தனை கம்பி இருக்கு வண்டியில. போயும் போயும் அந்தக் கம்பி.

நீ உக்காரும்மா, நான் பாத்துக்கிறேன். அந்தத் துண்ட இங்குட்டுக் குடு.

ஏங்க. ஏங்க, ஜோயல். மாப்ள, உங்களத்தான். அங்க என்ன நிக்கிறீங்க, இங்குட்டு வாங்க. இந்தா, என் சீட்டுல துண்டு போட்டாச்சு. போட்டாச்சுன்னா போட்டாச்சு, இனி நானே நெனச்சாலும் அதுல உக்கார முடியாது. பைய குடுங்க. வாங்க மாப்ள, உக்காருங்க.

நானா? எந்தக் கண்டக்டராவது உக்காந்து பாத்திருக்கீங்களா? நகந்து நில்லுங்க தம்பி, அந்தக் கம்பிக்கிட்ட எனக்கும் கொஞ்சம் எடம் விடுங்க. செம்பட்டி தாண்டுனா ரோடு குலுக்கும், கெட்டியாப் புடிச்சுக்கங்க. டேய், டீ குடிச்சது போதும், ஆள் எல்லாம் வந்தாச்சு. போலாம், ரைட்.